விழுந்த கிளையிலிருந்து

ஜூன் 3, செவ்வாய்

கூட்டுறவு வங்கியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எடுக்க வைத்தது ஒரு மின்னஞ்சல்.

வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ரிதுபர்ணா என்ற அசாம்காரப் பெண் எழுதியிருக்கிறாள். இலைமேல் வளரும் லைக்கன்களையெல்லாம் மரபணு பார்த்து மறுபடி வரிசைப்படுத்துகிறார்களாம். 2014-இல் நான் பெயர் வைத்த லைக்கனின் மூல மாதிரியிலிருந்து நகக்கண் அளவு ஒரு துண்டு வேண்டுமாம். ஜூன் முப்பதுக்குள் அனுப்பினால் நல்லதாம். மிக மரியாதையாக எழுதியிருந்தாள். மரியாதையாகக் கேட்கிறவர்களிடம்தான் இல்லை என்று சொல்வது கஷ்டம்.

மூல மாதிரி என்றால், ஓர் உயிருக்கு முதன்முதலில் பெயர் வைக்கும்போது எந்தத் துண்டைப் பார்த்து வைத்தோமோ அந்தத் துண்டு. உலகத்துக்கே அது ஒன்றுதான். என்னுடையது ஓர் இலை. யாருக்கு இதை விளக்குகிறேன்? இருபது வருட வாத்தியார் புத்தி, டைரிக்கும் பாடம் நடத்துகிறது.

சாயங்காலம் என் புருஷன் வில்பிரட்டிடம் சொன்னேன். மரச்சீனி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்க பேர டெஸ்ட் பண்ணப் போறாவளா?"

"பேர இல்ல. லைக்கன."

"ரெண்டும் ஒண்ணுதானே ஏட்டி," என்றார். அந்த லைக்கனுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். முன்பெயர் நீளமான லத்தீன், அது அவர் வாயில் இன்றுவரை நுழையவில்லை. பின்பெயர் வில்பிரடி. அது போதும் அவருக்கு.

ஜூன் 4, புதன்

இலையை வெளியே எடுக்கவில்லை. விடைத்தாள் திருத்தினேன். நாற்பத்தொரு பேரில் ஏழு பேர் லைக்கனைத் தாவரம் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஜூன் 6, வெள்ளி

எடுத்தேன்.

கல்லூரி ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய மாதிரிகளைக் காக்கும் அறையில், உதவியாளர் பொன்னுமணி அண்ணன் பெட்டியைத் திறந்து கொடுத்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் கையில்தான் சாவி. அதற்குள் அவர் செருப்போடு யாரையும் விடமாட்டார், முதல்வரையும் சேர்த்து.

காட்டு ஜாதிக்காய் மரத்து இலை, முழங்கையில் பாதி நீளம். மேலே சாம்பல் பச்சைத் திட்டுகள். திட்டுகளின்மேல் குண்டூசித் தலையில் கால்வாசி இருக்கும் ஆரஞ்சுத் தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நீல விளிம்பு. பழம் என்போம் அதை. எடுத்துப் பதிமூன்று வருடம் கழித்தும் நிறம் போகவில்லை. மேல் கோதையாற்றில் அன்று அப்படி ஒரு மழை. அந்த மழையில் எடுத்த இலையில் ஒரு துளி பட்ட தழும்புகூடக் கிடையாது. இதை நான் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்வதுண்டு.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். திட்டின் ஓரத்தில் சின்னக் கறுப்புப் புள்ளிகள். அப்போது அழுக்கு என்று விட்டுவிட்டேன். இன்று அழுக்காகத் தெரியவில்லை.

கண்ணாடி மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. அதனால்தான் இருக்கும்.

ஜூன் 7, சனி

காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன். மழை நாளில் திரைச்சீலை துவைக்கிறவளை ஊரில் என்ன சொல்வார்களோ, அதையே அவரும் சொன்னார். மருந்து டப்பாக்களைத் தேதி பார்த்து அடுக்கினேன். ஹாலில் அந்தச் சட்டத்தைத் துடைத்தேன்.

சட்டத்துக்குள் என் கட்டுரையின் முதல் பக்கம், லேமினேட் செய்தது. திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போடுகிற பையனையும் விடாமல், அதற்கு முன்னால் நிறுத்தி வாசித்துக் காட்டுவார். முக்கு டீக்கடையில் அவருக்குப் பட்டப்பெயரே 'லத்தீன்'. பஸ் ஓட்டியபோது 'பறக்கும் வில்பிரட்' என்பார்கள். தனியார் பஸ், மார்த்தாண்டம் தடம். பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பிறகு கிளட்ச் மிதிக்க வலுவில்லை. கம்பி வைத்த இடம் மழைக்காலத்தில் குடையும் என்று சொல்லமாட்டார். முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன்.

எப்போதோ என்னிடம் கேட்டிருக்கிறார், லைக்கன் என்றால் என்ன என்று. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம், பூஞ்சை வீடு கட்டும், பாசி வெயிலில் சமைக்கும் என்றேன். "பேரு யாருக்கு?" என்றார். பெயர் பூஞ்சைக்குத்தான், விதி அப்படி என்றேன். "சமைக்கவனுக்குப் பேரில்ல, அப்பிடித்தானே," என்று சொல்லிவிட்டு நெத்தோலி ஆயப் போனார். அந்தச் சட்டத்தில் இருக்கும் ஒரு சொல் போய்விட்டால் அவருக்கு வெளியில் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன்? ஒன்றும் ஆகவில்லையே.

ஜூன் 9, திங்கள்

ஆகிவிட்டது.

அரை பிளேடால் ஒரே ஒரு பழத்தைக் குறுக்கே சீவினேன். ஒரு சொட்டு பொட்டாஷ் கரைசல் விட்டு லென்ஸைக் கிட்டே கொண்டுபோனேன். லைக்கனின் பழம் என்றால் அதன் அடியில் அதன் சொந்தப் பாசி இருக்க வேண்டும். இல்லை. பழத்தின் அடியிலிருந்து பழுப்பு நூல்கள் இறங்குகின்றன. கீழே இருக்கும் பச்சை உடலுக்குள் போய், அங்கிருக்கும் பாசிச் செல்களைத் துளைத்து நிற்கின்றன. துளைபட்ட செல்கள் வெளுத்துச் செத்துக் கிடக்கின்றன.

அந்தப் பச்சை உடல் வேறு ஆள். ஓரத்துக் கறுப்புப் புள்ளிகள்தான் அதன் நிஜப் பழம். நூறு வருடம் முன்பே பெயர் வைத்தாகிவிட்டது அதற்கு. கோதையாற்றில் எந்த இலையைப் புரட்டினாலும் கிடைக்கிற சாதாரண லைக்கன். அதன்மேல் ஏறி உட்கார்ந்து தின்கிற ஒரு பூஞ்சையின் பழத்தை, இதன் பழம் என்று நான் நினைத்தேன். ஒருவன் தலையையும் இன்னொருவன் உடம்பையும் ஒட்டி ஒரே ஆள் என்று ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆளுக்கு என் புருஷன் பெயர்.

ஐந்து துண்டு சீவினேன். ஐந்திலும் அதுவே.

வீட்டில் சாளைக் கறி. நன்றாக இருந்தது என்றேன். உப்பே போடவில்லையாம், நான் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

ஜூன் 10, செவ்வாய்

யாருக்கும் தெரியாது. எனக்கும் சீவல்கள் வைத்த ஐந்து கண்ணாடித் துண்டுக்கும் மட்டும்தான்.

ஜூன் 12, வியாழன்

பெயர் சூட்டும் விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். மூல மாதிரியில் இரண்டு உயிர் கலந்திருந்தால் என்ன செய்வது என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். என்னைப்போல் முட்டாள்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள், அது ஓர் ஆறுதல்.

பெயரை இரண்டில் ஒன்றோடு சேர்க்க வேண்டும். பச்சை உடலோடு சேர்த்தால், அதற்கு ஏற்கெனவே பழைய பெயர் இருக்கிறது, பழையதுதான் நிற்கும். வில்பிரடி என்பது செத்த பெயர்களின் பட்டியலில் போய்ச் சேரும். பழத்தோடு சேர்த்தால் பெயர் பிழைக்கும். ஆனால் அது ஒட்டுண்ணியின் பெயராகப் பிழைக்கும். அடுத்தவர் வீட்டில் ஏறி, அடுத்தவர் சமைத்ததைத் தின்று, அந்த வீட்டையும் வெளுக்கப் பண்ணுகிற ஒன்று, வில்பிரடி.

பழைய விவரிப்பு எதற்கு அதிகம் பொருந்துகிறதோ அதனோடு சேர் என்கிறது விதி. என் விவரிப்பில் முக்கால்வாசி பழத்தைப் பற்றித்தான். விதி ஒட்டுண்ணிப் பக்கம் சாய்கிறது. என் மனசு எந்தப் பக்கமும் சாயாமல் நட்டுக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்றும் செய்யலாம். வாயை மூடிக்கொண்டு துண்டை அனுப்பலாம். அந்தப் பெண் கண்டுபிடிப்பாள். அவள் கையால் நடந்தால் அது என் கையால் நடந்தது ஆகாது. எவ்வளவு கேவலமாக யோசிக்கிறேன் பாருங்கள்.

ஜூன் 15, ஞாயிறு

என் அண்ணன் ஜெபராஜ் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஆலயத்து மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தி. மாப்பிள்ளை வீட்டார் யாரோ அண்ணனிடம் கேட்டார்கள், "ஒங்க மச்சானுக்கு இப்ப என்ன சோலி?"

அண்ணன் சிரித்துக்கொண்டே, "அவருக்கென்ன, ராஜயோகமாக்கும். பொண்டாட்டி சம்பாத்தியம், உக்காந்த எடத்துல சாப்பாடு," என்றார்.

"உக்காந்தெல்லாம் இல்ல மச்சான்," என்றார் இவர். "நின்னு சமைச்சுட்டாக்கும் உக்காருகேன்."

பந்தியே சிரித்தது. இவரும் சிரித்தார். பதிமூன்று வருடமாக எத்தனை பந்தியில் இதே சிரிப்பு. நான் பாயசத்தை இலையில் அப்படியே விட்டு எழுந்துவிட்டேன். கை கழுவுமிடத்தில் அண்ணனைப் பிடித்து, "அவிய சமைக்கதனாலதான் நான் புரொபசர். இல்லேனா ஒனக்க வீட்டுல அடுப்பூதிட்டு கெடந்திருப்பேன்," என்று சொன்னேன். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. வேடிக்கையாகச் சொன்னதற்கு இவ்வளவு கோபமா என்றார்.

கோபம் அண்ணன்மேல் இல்லை. ஊர் வாயால் சொன்னதை நான் அச்சில் போடப் போகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன் 16, திங்கள்

ரிதுபர்ணாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மிகவும் வருந்துகிறேன், மூல மாதிரியைப் பூச்சி அரித்துவிட்டது, இனி ஆய்வுக்கு உதவாது என்று நான்கு வரி. அழகான கடிதம். எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது. பூச்சி தின்ற இலையை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

பிரிண்ட் எடுத்தது முட்டாள்தனம். பொன்னுமணி அண்ணன் பிரிண்டரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். பத்தாம் வகுப்புவரை படித்தவர், ஹெர்பேரியத்து ஆங்கிலம் எல்லாம் அத்துப்படி.

"டீச்சர், பூச்சின்னு போட்டிருக்கே. எந்த உறையில?"

கடிதத்தை வாங்கக் கை நீட்டினேன்.

"எனக்க ஹெர்பேரியத்துலயா பூச்சி?" என்றார். "கொரோனா சமயத்துலகூட வாரம் ரெண்டு வாட்டி காலேஜ் பாதர் கையில கால்ல விழுந்து கேட் சாவி வாங்கி உள்ள வந்து மருந்து வச்சேன். ஒரு உறை காட்டுங்க டீச்சர். ஒரே ஒரு உறை."

அழுதுவிடுவார் போலிருந்தது. அது வேற காலேஜ் கடிதம், எழுத்து நடை பார்க்க எடுத்தேன் என்று புளுகினேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டி முழுவதையும் மேசையில் இறக்கி ஒவ்வோர் உறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், நான் வீட்டுக்குக் கிளம்பும்வரை.

ஒரு பொய் சொன்னால் யார் தலையில் போய் விழும் என்று முதலிலேயே தெரிவதில்லை. எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

கடிதத்தைக் கிழித்தேன். நான்காக, எட்டாக, பதினாறாக.

ஜூன் 21, சனி

அந்த உறைமேல் ஒட்டியிருக்கும் சீட்டில் என் கையெழுத்து. 'மேல் கோதையாறு. 14 ஜூலை 2012. காட்டு ஜாதிக்காய், விழுந்த கிளையிலிருந்து. சேகரித்தவர்: ஹெப்சிபா.' எல்லாம் ஆங்கிலத்தில், அழகான எழுத்தில். இரண்டு வாரமாக இலையைப் பார்க்கிறேன், சீட்டைப் பார்க்காமல் பார்க்கிறேன்.

இந்த டைரியில் ஏழாம் தேதி 'பாறையில் வழுக்கி' என்று எழுதியிருக்கிறேன். பழக்கதோஷம். ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னேன், அண்ணனிடம் அப்படிச் சொன்னேன், அவரோட பஸ் முதலாளியிடம் அப்படிச் சொன்னேன். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். சொல்லிச் சொல்லி அங்கே ஒரு பாறையே முளைத்துவிட்டது.

பாறை கிடையாது.

வனத்துறை கொடுத்த அனுமதியில் தெளிவாக இருந்தது. உதிர்ந்ததும் விழுந்ததும் மட்டும் எடுக்கலாம், மரத்தில் ஏறக் கூடாது. அனுமதி அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. கீழே கிடந்த இலை ஒன்றில் ஆரஞ்சுப் பழம் பார்த்தேன், நீல விளிம்போடு. அப்படி ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் இலை அழுகி, பழம் பாதி கரைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இருபது அடி உயரத்தில் அந்தக் கிளை.

துணைக்கு வந்தவர் அவர். லீவு போட்டுவிட்டு வந்தார். மரம் வழுக்குது, பின்ன ஒருநாள் அனுமதி வாங்கி வருவோம் என்றார். ஏறுங்கள் என்றேன். வேண்டாம் ஹெப்சி என்றார். மறுபடியும் ஏறுங்கள் என்றேன். ஓர் இலைக்கு இவ்வளவு பயமா, மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற ஆள்தானே என்றும் சொன்னேன்.

இதற்குமேல் இன்றைக்கு முடியாது.

ஜூன் 23, திங்கள்

கால் சும்மா நிற்கவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது ஜன்னலுக்கும் பலகைக்கும் நடந்துகொண்டே இருந்தேனாம். முன் பெஞ்சுப் பெண் கேட்டாள், "மேடம், ஒங்களுக்குச் சொகமில்லியா?" சுகம்தான் என்று சொல்லி, அதைச் சொன்ன குரலைக் கேட்டு நானே பயந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

சாயங்காலம் ஏத்தன்காய் சீவிக்கொண்டே கேட்டார்.

"ஒனக்கு என்னமோ கெடக்கு. என்னதுன்னு சொல்லு."

"ஒண்ணும் இல்ல."

"தெரச்சீலைய ரெண்டு வாட்டி தொவைச்சாச்சு. இனி என்னையதான் தொவைக்கணும்."

சொல்லிவிட்டேன். உடல் ஒன்று, பழம் ஒன்று, நான் ஒட்டிப் பார்த்தது, விதி, இரண்டு வழி, எல்லாம். ஒட்டுண்ணி என்ற சொல் வரும்போது மட்டும் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் அடுப்பைக் குறைத்தார். ஹாலுக்குப் போய் அந்தச் சட்டத்துக்கு முன்னால் நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"அப்பம் இது தப்பா?"

"தப்பு."

"எத்தன நாளா தெரியும்?"

"ரெண்டு வாரம்."

சட்டத்தை ஆணியிலிருந்து எடுத்தார். உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். துணியால் துடைத்து மறுபடி மாட்டினார். "பதினோரு வருசத்துல நாலு வாட்டி கேட்டிருக்கேன், எனக்க பேருள்ள சாதனத்த ஒரு வாட்டி காட்டுன்னு. மூல மாதிரி, தொடப்பிடாது, எடுக்கப்பிடாதுன்னு சொன்ன. இனி காட்டு," என்றார்.

கல்லூரியில் ஹெர்பேரியம் இரண்டாம் மாடி. முப்பத்தெட்டுப் படி.

ஜூன் 27, வெள்ளி

மதியம் வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, கைத்தடி, கோயிலுக்குப் போகிற கோலம். முப்பத்தெட்டுப் படியும் பைய ஏறினார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றார். வாசலில் பொன்னுமணி அண்ணன், யாருக்கும் வளையாத அந்த மனிதர், "செருப்போட வாங்க அண்ணாச்சி, பரவால்ல," என்றார். இவர் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இலையை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கண்ணையும் வைத்துப் பார்க்கப் பழக நேரம் ஆனது. பிறகு அசையவில்லை.

"நீலமா ஒரு வட்டம்."

"ஆமா."

"நல்லாருக்கே ஹெப்சி."

"அதுதான் ஒட்டுண்ணி."

"கீழ வெளுத்துக் கெடக்கே, அது இது தின்னதா?"

"ஆமா. பேர எடுத்துரலாம். அந்தப் பச்சையோட சேத்துட்டா பேரு போயிரும். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ."

கண்ணை எடுக்காமலே கேட்டார். "அன்னைக்கு நீ என்னைய எதுக்கு மரத்துல ஏத்துன? பச்சைக்கா, இந்த நீலத்துக்கா?"

பதிமூன்று வருடத்தில் மரம் என்ற சொல்லை எங்களில் யாரும் சொன்னதில்லை.

"நீலத்துக்கு."

"அப்பம் நான் ஏறிப் பறிச்சது இதத்தானே. எனக்க பேரு இதுல கெடக்கட்டும். பச்சை யாருக்க சாதனமோ, அவனுக்க பேருல இருக்கட்டும்."

"ஒட்டுண்ணின்னு அச்சுல வரும். எனக்க அண்ணன் வாசிப்பான். டீக்கடையில வாசிப்பாவ."

"ஊரு வாயில கேக்காததா? லத்தீன்லயும் ஒரு வாட்டி சொல்லட்டும்," என்றார். சிரித்தார். பந்தியில் சிரிக்கிற சிரிப்பு இல்லை இது. "எனக்குத் தெரியும், நான் ஆருன்னு. நம்ம வீட்டுல ஆரு சமைக்கான்னு ஒனக்கும் தெரியும். பின்ன என்ன?"

இலையை உறையில் வைக்கக் குனிந்தேன். உறையை அவர் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டை எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்த கிளையிலிருந்துன்னா போட்டிருக்கு?"

விரலை அந்த வரியின்மேல் வைத்தார்.

"கெளை விழல்ல ஹெப்சி. விழுந்தது நானாக்கும்."

பொன்னுமணி அண்ணன் மெல்ல வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"அதும் போகட்டும்னு வையி," என்றார். குரல் உயரவில்லை. "விழுந்து கெடக்கேன். கால அசைக்க முடியல்ல. மழை கொட்டுது. நீ ஓடி வந்த. வந்து, முதல்ல இலைய எடுத்து, தொடச்சு, பேப்பர்ல வச்சு, அட்டைய மூடிக் கட்டுன. ரெண்டு முடிச்சு. அதுக்குப் பொறவாக்கும் எனக்கிட்ட வந்த. நான் பாத்துட்டேதான் கெடந்தேன்."

ஒரு துளியின் தழும்புகூட இல்லாத இலை. எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன், அதை முழுதாகச் சொல்லவும் வரவில்லை. அவர் தலையில் கை வைத்தார், எடுக்கவில்லை.

"மொதல்ல ரெண்டு மூணு வருசம் நல்ல கோவம் உண்டு. ஒனக்குச் சோறு வெளம்பும்போகூட உண்டு. பின்ன எப்பம் போச்சுன்னு தெரியல்ல. ஆனா நீ ஒருநா வாயத் தொறந்து சொல்லுவன்னு பாத்துட்டே இருந்தேன். அந்த எதிர்பாப்பு மட்டும் போகல்ல."

இறங்கும்போது முப்பத்தெட்டுப் படிக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ஜூன் 28, சனி

மூன்று கடிதம் எழுதினேன். ரிதுபர்ணாவுக்கு, மாதிரி இரண்டு உயிர் கலந்தது, துண்டை எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும், இரண்டையும் தனித்தனியே அனுப்புகிறேன் என்று. ஆய்விதழுக்கு, திருத்தக் கட்டுரை தருகிறேன் என்று. வனத்துறைக்கு, 2012-இல் அனுமதியை மீறி மரத்திலிருந்து சேகரித்தேன், ஏறச் சொன்னது நான் என்று. மூன்றாவதன் நகலை முதல்வருக்கும் வைத்தேன். என்ன நடவடிக்கை வருமோ தெரியாது. இனி அந்தக் காட்டுக்குள் விடாமல் போகலாம். வரட்டும்.

ஜூன் 30, திங்கள்

எங்கள் தொழிலில் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. எவ்வளவு பெரிய தப்பானாலும் அது அங்கேயே இருக்க வேண்டும். திருத்துகிறவர் பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்து வைக்க வேண்டும். மாணவர்களுக்கு வருடா வருடம் இதைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

பொன்னுமணி அண்ணன் பசை காய்ச்சிக் கொடுத்தார். பூச்சி வராத பசை என்று இரண்டு தடவை சொன்னார். அந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "போட்டும் டீச்சர். எல்லா உறையும் பாத்தாச்சு, ஒரு பூச்சி இல்ல," என்றார்.

பழைய சீட்டுக்குப் பக்கத்தில் இப்போது இருப்பது இது. வழக்கத்தை விட்டுத் தமிழிலேயே எழுதினேன். வாசிக்க வேண்டியவர் தடங்கலில்லாமல் வாசிக்கட்டும்.

'இம்மாதிரியில் இரண்டு உயிர்கள். பெயர் உரியது நீல விளிம்புப் பழத்துக்கு மட்டும். கிளை விழுந்ததல்ல. இருபது அடி உயரத்தில், உயிருள்ள கிளையிலிருந்து, மழையில். சேகரித்தவர்: ந. வில்பிரட். திருத்தியவர்: ஹெப்சிபா, 30 ஜூன் 2025.'

போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை வாசித்தார். அதையும் லேமினேட் பண்ணி வா என்றார். சட்டத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்க அவரே ஸ்டூலில் ஏறப் போனார். நீங்கள் ஏற வேண்டாம் என்று சொல்லி, சுத்தியலை வாங்கிக்கொண்டு நான் ஏறினேன்.